பொறுங்க, அசையுது

எங்கள் ஊர் ஸ்கார்விக்கில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "அப்படியும் செய்யலாம்" என்பார்கள். அதற்குச் செய்யாதே என்று அர்த்தம். ரொம்பவும் வேண்டாம் என்றால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இங்கே பிறந்தவனுக்கு இது புரியும். ஆனால் அவசரத்தில் இருக்கிறவனுக்கும் சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கும் புரியாது. மெக்கானிக் கெர்ட் அந்த வாரம் இரண்டிலும் இருந்தான்.

வில்லாட்ஸுக்கும் டாக்னிக்கும் வெள்ளிவிழாக் கல்யாண நாள். எங்கள் பக்கத்தில் அதற்கு அக்கம்பக்கத்தார்தான் வளைவு கட்டவேண்டும். முந்தின சாயங்காலம் கூடி, ஊசியிலைக் கிளைகளைக் கம்பி வைத்துச் சட்டத்தில் கட்டுவோம். விடியும்போது அந்த வீட்டு வாசலில் சத்தமில்லாமல் நிறுத்துவோம். வீட்டுக்காரர்கள் உள்ளே விழித்துக்கொண்டே தூங்குவார்கள். பாட்டுப் பாடியதும் கதவு திறக்கும். இரண்டு பேரும் வளைவுக்கடியில் வந்து நிற்பார்கள். அப்புறம் உள்ளே காபி, ரொட்டி, ஆளுக்கொரு கிளாஸ் கசப்புச் சாராயம்.

ரொட்டி என் பொறுப்பு. எனக்குப் பேக்கரியில் இரவு வேலை. ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவனுக்கு அதுதான் கிடைத்தது. மாவுக்கு நான் எதுவரை படித்தேன் என்பதில் அக்கறையில்லை.

கெர்டின் பட்டறையில் டிராக்டரை வெளியே தள்ளிவிட்டு இடம் பண்ணியிருந்தார்கள். ஏப்ரல் மாதம். கடற்கழியிலிருந்து கிழக்குக் காற்று வந்து தகரக் கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. தரையெல்லாம் பச்சைக் கிளை. கிரீஸ் வாசனையும் பிசின் வாசனையும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்தது.

மெட்டா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். ஹெர்ரிங் மீன் அறுக்கிற ஷெட்டில் டாக்னி நிற்கிற மேஜையில் எதிர்ப்பக்கம் நிற்பவள். உப்பில் வெடித்த விரல்கள். ஆனால் கம்பியை அவள் முறுக்குகிற வேகத்துக்கு எங்களில் யாரும் ஈடில்லை.

"இதெல்லாம் யாருடா வெட்டினது? காக்கா கூடு கட்ட வெச்சிருந்த மாதிரி இருக்கு."

"பாதிரியார் தோட்டத்துலேர்ந்து. கேட்டுட்டுத்தான் வெட்டினேன்," என்றான் கெர்ட்.

"கேட்டது முதல்லயா, வெட்டினது முதல்லயா?"

"ரெண்டும் ஒரே சமயம். அவர் ஜன்னல்லேர்ந்து கத்தினாரு. நான் ஏணியிலேர்ந்து பதில் சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஈவால்ட் கிழவன் மட்டும் புகைக்குழாயைப் பற்றவைப்பதிலேயே இருந்தான். படகை விற்ற பிறகு அவனுக்கு அதுதான் வேலை.

"சரி, எல்லாரும் இங்க பாருங்க," என்றான் கெர்ட். சுவரில் சாய்த்து வைத்திருந்த எதையோ மூடியிருந்த தார்ப்பாயை இழுத்தான். முப்பது வயதைத் தாண்டியவன். அந்த நிமிஷம் முகத்தில் எட்டு வயதுதான் இருந்தது.

மரப்பலகையை அறுத்து வெட்டிய ஒரு வாத்து. ஆள் உயரத்தில் பாதி. வெள்ளை உடம்பு, நீளக் கழுத்து. தலையில் பழுப்புத் துணி, தாடைக்குக் கீழே முடிச்சு, முடிச்சின் ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. வளைவின் உச்சியில் வழக்கமாக வைக்கிற வெள்ளி நிற 25 என்ற எண் அதற்கு அடியில் இருந்தது. வாத்து அந்த எண்ணின்மேல் அடை உட்கார்ந்திருந்தது. கீழே சிவப்பு எழுத்தில்: பொறுங்க, அசையுது!

பட்டறையே அதிர்ந்தது. ஒருவன் கைதட்டினான். "வாத்தம்மா! அடப்பாவி, வாத்தம்மா!"

வாத்தம்மாவை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. எங்கள் ஊருக்கு வெளியே தெரிந்தவரும் இல்லை. போர் முடிந்த கையோடு, பெயிண்ட் கடையில் வேலை பார்த்த வில்லாட்ஸ் என்கிற பையன் ஜில்லாப் பேப்பருக்குப் படக்கதை வரைந்து அனுப்பினான். சனிக்கிழமைப் பக்கத்தில் நாலு கட்டம். எல்லாம் மிருகங்கள், எல்லாம் நாங்கள். துறைமுக அதிகாரி ஒரு கடல்நாய். மீன் வாங்க வருகிற தரகன் நரி. பாதிரியார் அண்டங்காக்கை. அவரவருக்குத் தன்னைத் தெரிந்தது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. துறைமுக அதிகாரி அதைக் கத்தரித்து ஆபீஸ் சுவரில் மாட்டினார். தன் படம் வரவில்லையே என்று வருத்தப்பட்டவர்கள்தான் இருந்தார்கள்.

வாத்தம்மா முதலில் சும்மா தலைத்துணி கட்டி வாய் பேசுகிற ஒரு வாத்துதான். கழுத்தை முன்னால் நீட்டி நடக்கிற நடை. அப்புறம் ஒரு சனிக்கிழமை அது ஒரு உருளைக்கிழங்கின்மேல் அடை உட்கார்ந்தது. கடல்நாய் வந்து என்ன வரும் என்று கேட்டது. கடைசிக் கட்டத்தில் வாத்தம்மா சொன்னது: பொறுங்க, அசையுது. அந்த வாரம் பேப்பர் மிச்சமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் கதவுக் குமிழ்மேல் உட்கார்ந்தது. அப்புறம் கடிகாரம், பல்பு, பாதிரியாரின் தொப்பி. எதிலிருந்தும் எதுவும் வரவில்லை. அதுதான் வேடிக்கை. ஸ்டார்ட் ஆகாத என்ஜினைப் பார்த்து இன்றைக்கும் எங்கள் ஊரில் "பொறுங்க, அசையுது" என்பார்கள். வந்து சேராத பஸ்ஸுக்கும் அதுதான்.

ஒருநாள் வில்லாட்ஸ் வரைவதை நிறுத்திவிட்டார். தலைநகரத்திலிருந்து ஒரு ஆள் வந்து மறுபடி வரையச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போனான் என்பார்கள். அதற்கப்புறம் படகுக்குப் பெயர் எழுதினார், கடைப்பலகை எழுதினார். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்க மாட்டார்கள்.

"பெருசா இருக்கு," என்றான் ஈவால்ட்.

"பெருசாத்தான் இருக்கணும். ரோட்டுலேர்ந்து தெரியணும்ல."

மெட்டா நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். கையில் கம்பி அப்படியே நின்றது.

"மழை வந்தா ஊறிடும்," என்றாள்.

"ஊறாது மெட்டா. கார் பெயிண்ட். மூணு கோட்டு. இந்த வீடே இடிஞ்சாலும் அது நிக்கும்."

"வெறும் கிளையே அழகாத்தான் இருக்கும்."

"வெறும் கிளை எல்லார் வீட்டுக்கும்தான் கட்டறோம். அவர் நம்ம ஊருக்கு எவ்வளவு பெரிய ஆளு! ஒருத்தனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கோமா அவருகிட்ட? நான் சின்னதுல அதை வெட்டி வெட்டி அலமாரிக் கதவுல உள்பக்கம் ஒட்டியிருந்தேன். அப்பன் பெல்ட்டால அடிச்சாரு. அப்பவும் கிழிக்கல."

"அப்படியும் செய்யலாம்," என்றாள் மெட்டா. குனிந்து கம்பியை முறுக்கினாள். கம்பி விரலில் ஏறி ரத்தம் வந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த கிளையை எடுத்தாள்.

மூன்று முறை சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் அது கத்திக் கூப்பாடு போடுவதற்குச் சமம். கெர்ட் விசில் அடித்துக்கொண்டே பலகைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது அவளும் என்னோடு வந்தாள். பேக்கரி வரைக்கும் ஒரே வழி. மரச்செருப்பு கல்லில் டக் டக்கென்று விழுந்தது. மீன் ஷெட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"உனக்குத் தெரியாதா?"

"என்ன?"

"அந்தத் தலைத்துணி யாரோடதுன்னு."

தெரியும் என்றுதான் நினைக்கிறேன். டாக்னி இன்றைக்கும் அப்படித்தான் முடிச்சுப் போடுவாள், ஒரு முனை நீளமாக. ஆனால் தெரிந்ததை நினைத்துப் பார்த்ததில்லை.

"இந்த ஷெட்டுலதான்," என்றாள் மெட்டா. "கல்யாணம் ஆன முதல் குளிர்காலம். மீன் அறுத்துட்டிருக்கோம். அவ என் கையைப் பிடிச்சு இழுத்து வயித்து மேல வெச்சா. கையெல்லாம் செதிலு. 'பொறு, அசையுது'ன்னா. அசைஞ்சுது. மீன் துள்ளுற மாதிரி. ரெண்டு பேரும் முட்டாளுங்க மாதிரி சிரிச்சோம். வீட்டுல வில்லாட்ஸ்கிட்டயும் அதையேதான் சொல்லியிருப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்த மாசமே கலைஞ்சு போச்சு. அவ எழுந்து திரும்ப வேலைக்கு வந்தா. வந்த சனிக்கிழமை பேப்பர்ல வாத்து உருளைக்கிழங்கு மேல உக்காந்திருக்கு. அதே வார்த்தை. ஷெட்டே விழுந்து விழுந்து சிரிக்குது. அவளுக்கும் யாரோ பேப்பரை நீட்டினாங்க. படிச்சா. சிரிச்சா."

"அவரா அப்படி..."

"அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அது முன்னாடியே வரைஞ்சு அனுப்பினது. சந்தோஷத்துல வரைஞ்சது. பேப்பர்க்காரனுக்கு என்ன தெரியும், அவன் இடம் கிடைச்சப்போ போட்டான். ஆனா அடுத்த வாரம் கதவுக் குமிழு. அதுக்கடுத்த வாரம் கடிகாரம். ஜனங்க கேட்டாங்க, இவன் வரைஞ்சான். அதைச் சொல்றேன் நான். ரெண்டாவதும் கலைஞ்சு போறவரைக்கும் வரைஞ்சான்."

காற்றில் அவள் கண் நனைந்திருந்தது. இல்லாவிட்டாலும் அந்தக் காற்றில் எல்லோருக்கும் நனையும்.

"கெர்ட்கிட்ட சொல்லலாமே."

"யாரு, நானா? இத்தனை வருஷம் அவளே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? அவ நல்லபடியா நிக்கிறதே யாருக்கும் தெரியாதுங்கிற நினைப்புலதான். காலைல அந்த வாசலைத் தாண்டி அவ வெளிய வரலன்னா, அப்புறம் இந்த ஊர்ல எந்த வாசலையும் தாண்ட மாட்டா. ஷெட்டுக்கும் வரமாட்டா. எனக்கு அவளைத் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன். படிச்சவன்."

நான் மாவு பிசைய நேரமாகிவிட்டது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அப்படியும் செய்யலாம் என்கிற மாதிரி.

காலையில் சூடான ரொட்டி மூட்டையோடு நான் போனபோது வளைவு நின்றுகொண்டிருந்தது. நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றியிருந்தார்கள். உச்சியில் வாத்தம்மா, பின்னால் சாம்பல் வானம். பெயிண்ட் பளபளத்தது. ரோட்டிலிருந்தே தெரிந்தது.

இருபது பேர் இருப்பார்கள். மெட்டா கடைசி வரிசையில் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்றாள். கெர்ட் கார்னெட் ஊதுகுழலை உதட்டில் வைத்தான். காலைப் பாட்டு. முதல் சுற்று முடிந்தது, கதவு திறக்கவில்லை.

"கிழவனும் கிழவியும் நல்லாத் தூங்குறாங்கப்பா," என்று யாரோ சொன்னார்கள்.

"வெள்ளிவிழாவாச்சே. அசதி இருக்கும்ல."

சிரிப்பு. இரண்டாவது சுற்று பாடினோம். பொடி ஆலங்கட்டி விழ ஆரம்பித்து, ரொட்டி மூட்டைமேல் அரிசி கொட்டின மாதிரி சத்தம் போட்டது. சமையலறைத் திரை கொஞ்சம் அசைந்தது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் வளைவின் பின்பக்கம்தான் தெரியும். பலகையின் உருவம் தெரியும். கழுத்தும் முடிச்சும் போதும்.

கதவு திறந்தது. வில்லாட்ஸ் மட்டும் வந்தார். வெள்ளைச் சட்டை, சஸ்பெண்டர், காதோரம் சவரச்சோப்பு. சிரித்துக்கொண்டே வளைவுக்கு வெளியே நாலு எட்டு வந்து, வழக்கப்படி திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

சிரிப்பு அவர் முகத்திலேயே இருந்தது. ஆனால் யாரோ கழற்றி மாட்டியது போல இருந்தது. ஆலங்கட்டி அவர் தலையில் விழுந்து உருண்டது.

"நல்லாப் பண்ணியிருக்க, கெர்ட்," என்றார். "கழுத்துதான் கொஞ்சம் குட்டை."

சொன்ன உடனே வாயை மூடினார். வரைகிறவனின் வாய் தானாகச் சொன்னது அது. காது சிவந்து, சிவப்பு கழுத்துக்கு இறங்கி, காலருக்குள் போயிற்று. நான் ஒரு மனிதன் அப்படி வெட்கப்பட்டுப் பார்த்ததில்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடுகிற வெட்கம் இல்லை. இடமே இல்லை என்று தெரிந்த வெட்கம்.

"அளவு சரியாத்தான் எடுத்தேன்," என்றான் கெர்ட் சந்தோஷமாக. "மறுபடி பாருங்க."

"டாக்னி எங்க?" என்று யாரோ கேட்டார்கள். காலைப் பாட்டில் இரண்டு சுற்றுதான் உண்டு. மூன்றாவது சுற்றுக்கு வழக்கம் கிடையாது. ஈவால்ட் குழாயைச் செருப்பில் தட்டினான். நாங்கள் எல்லோரும் அவரவர் கால்களைப் பார்த்தோம்.

அப்போது அவள் வந்தாள். நீலக் கம்பளி உடுப்பு, வெள்ளிப் பொத்தான். தலையில் துணி இல்லை. நரைத்த கூந்தல் ஈரமாக வாரியிருந்தது. அந்தத் தலையைத் துணியில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வளைவுக்கடியில் குனியாமல் வந்தாள், வில்லாட்ஸ் பக்கத்தில் நின்றாள், திரும்பினாள், அண்ணாந்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். கடையில் துணி பார்க்கிற மாதிரி.

"பொறுங்க, அசையுது," என்று வாசித்தாள். எழுத்துக் கூட்டுகிற பிள்ளை போல நிறுத்தி நிறுத்தி. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "காபி ஆறுது. உள்ள வாங்க எல்லாரும்."

உள்ளே போனோம். போகாமல் இருந்தால் இன்னும் அசிங்கம். வளைவுக்கடியில் ஒவ்வொருவராக நுழையும்போது யாரும் மேலே பார்க்கவில்லை.

கூடத்தில் இரண்டு மேஜையைச் சேர்த்து வெள்ளை விரிப்பு போட்டிருந்தாள். வெண்ணெய், பாலாடைக்கட்டி, ருபார்ப் ஜாம், கறுப்பு ரொட்டி, உப்பில் ஊறிய ஹெர்ரிங். கெர்ட் எழுதி அச்சடித்த பாட்டுத்தாள் எல்லோர் கையிலும் இருந்தது. தம்பதியைக் கேலி செய்து பாடுவதும் வழக்கம்தான். முதல் அடியிலேயே வாத்து வந்தது. மெட்டா தன் தாளை மடித்துத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் மேஜையைச் சுற்றி எல்லோரும் தாளின்மேல் உட்கார்ந்திருந்தோம்.

டாக்னி காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். மீன் அறுத்துத் தழும்பேறிய கை. கூஜா ஆடவில்லை.

"இன்னொண்ணு எடுத்துக்கோ, கெர்ட். வெண்ணெய் போடு. கஞ்சன் வீடுன்னு சொல்லப்போறாங்க."

கெர்ட் எடுத்துக்கொண்டான். எங்கோ ஏதோ தப்பு என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன என்று தெரியவில்லை. தெரியாதவன் செய்வதைச் செய்தான், பேசினான்.

"அந்தக் கடிகாரம் ஒண்ணு வரைஞ்சீங்களே," என்றான் வில்லாட்ஸிடம். "அது எங்க அலமாரிக் கதவுல நடுவுல இருந்துச்சு. படுத்துக்கிட்டே யோசிப்பேன். கடிகாரத்துலேர்ந்து என்ன வரும்? குட்டிக் கடிகாரமா, இல்ல நிஜமாவே வாத்துக் குஞ்சா? தூக்கமே வராது."

"நானும்தான்," என்றாள் டாக்னி.

கூஜாவை மேஜைமேல் வைத்தாள்.

"நானும் அதான் யோசிப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும். கத்தியை வெச்சிட்டு, கையைக் கழுவிட்டு, பேப்பரைப் பிரிப்பேன். இந்த வாரமாவது ஏதாவது வெளிய வரட்டும்னு. வாத்துக் குஞ்சு வேணாம். உருளைக்கிழங்குலேர்ந்து ஒரு புழு வந்திருந்தாக்கூடப் போதும்." வில்லாட்ஸைப் பார்த்தாள். "என் கண்ணு முன்னாடி, இந்த மேஜை மேலதான் வரைஞ்ச. வரும்னு நினைச்சேன். நீ ஒருநாள் நிறுத்திட்ட."

வில்லாட்ஸ் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்னி, ஜனங்க இருக்காங்க."

"அப்பவும் இருந்தாங்க."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார், மறுபடி எடுத்தார். "வெளிய வந்தா கதை முடிஞ்சிரும்னு சொன்னாங்க," என்றார். "பேப்பர் ஆபீஸ்ல. வராம இருக்கிறவரைக்கும்தான் சிரிப்புன்னாங்க."

"முடிஞ்சிருக்கட்டுமே."

"நீ சிரிச்ச. முதல் தடவை படிச்சப்போ நீ சிரிச்சன்னு மெட்டா சொன்னா."

மெட்டா தலையைத் தூக்கவில்லை.

"ஆமா, சிரிச்சேன்," என்றாள் டாக்னி. "எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துட்டிருந்தாங்க. வேற என்ன பண்ணியிருக்கணும்? சொல்லு. நானே இத்தனை நாளா யோசிக்கிறேன், எனக்குத் தெரியல."

கெர்டுக்குப் புரிந்துவிட்டது. வெந்த நண்டு மாதிரி ஆகிவிட்டான். வாயில் இருந்த ரொட்டியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. எட்டு வயதிலிருந்து அவன் பத்திரமாக வைத்திருந்த ஒரே நல்ல சாமான் அந்த வாத்து.

வில்லாட்ஸ் எழுந்தார். நாற்காலி சுவரில் இடித்தது. "ஏணி கொட்டகைல இருக்கு," என்றார் யாருக்கோ. "அதை இறக்கிடறேன்."

"உக்காரு," என்றாள். "ஊசியிலை உதிர்ற வரைக்கும் வாசல்ல இருக்கணும். அதானே வழக்கம். எல்லார் வீட்டுக்கும் இருக்கறது நமக்கும் இருக்கட்டும்." பிறகு கூஜாவை எடுத்தாள். "ஈவால்ட், உன் கப்பு காலியா இருக்கு."

சாப்பிட்டோம். தட்டில் இருந்த அவ்வளவையும் சாப்பிட்டோம். ஈவால்ட் ஹெர்ரிங்கில் உப்புப் பக்குவம் நன்றாக இருக்கிறது என்றான். டாக்னி, போன வருஷத்து மீன் இன்னும் கொழுப்பு என்றாள். மதியத்துக்குள் மழை வரும் என்று மெட்டா சொன்னாள். வரும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

வளைவு வாசலில் இருந்தது. மழை பெய்தது, காற்றடித்தது. கிளைகள் பழுத்தன, ஊசியிலை வாசற்படியில் கொட்டியது, டாக்னி தினமும் பெருக்கினாள். வாத்தம்மாவுக்கு ஒரு கீறல் விழவில்லை. கார் பெயிண்ட்.

டாக்னி வேலைக்கு வந்தாள். மறுநாளே வந்தாள். வளைவுக்கடியில் நிமிர்ந்து நடந்து வந்தாள், திரும்பி அப்படியே போனாள். வில்லாட்ஸ்தான் பின்கதவு வழியாகப் போய்வந்தார். படகுத்துறையில் அவர் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெயர் பாதியில் நின்றது. படகுக்காரன் கேட்கவில்லை. பாதிப் பெயரோடு கடலுக்குப் போனான்.

இறக்குகிற அன்றைக்கும் அக்கம்பக்கத்தார் கூடவேண்டும். கூடினோம், முன்னைவிடக் குறைவாக. கெர்ட் ஏணியில் ஏறி ஸ்க்ரூவைக் கழற்றினான். அன்றிலிருந்து அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பலகையைத் தோளில் சாய்த்து இறக்கி, நேராக வண்டிக்குக் கொண்டுபோனான்.

"எங்க கொண்டுபோற?" என்றாள் டாக்னி.

"எரிச்சிடறேன், டாக்னி. எங்க உலைல. ஒரு நிமிஷம் ஆகாது. நான்... எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரியாதுன்னு தெரியும். நல்ல மனசோட செஞ்ச. அதான் சிரமம், திட்டவும் முடியல." கையை நீட்டினாள். "என் வாசல்ல மாட்டினது என்னோடது. இப்படிக் கொடு."

கொடுத்தான்.

சமையலறைக் கதவுக்கு வெளியே கரிக்கட்டி போட்டு வைக்கிற பெட்டி ஒன்று உண்டு. அதன் மூடி பல வருஷமாக உளுத்துப்போயிருந்தது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் பலகை அதற்குச் சரியாக இருந்தது. அவளே ஆணி அடித்தாள். படம் மேல்பக்கமாக.

மே மாதத்தில் ஒரு காலை. வேலை முடிந்து நான் அந்தப் பக்கமாக வருகிறேன். காற்று ஓய்ந்து கடற்கழி கண்ணாடி மாதிரி கிடந்தது. டாக்னி அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பழுப்புத் துணி, ஒரு முனை நீளம். நான் பார்வையைக் கழிப்பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தேன். பல நாளாக அப்படித்தான் நடக்கிறேன்.

"ஏய், பேக்கரி."

நின்றேன்.

"ரொட்டி இருக்கா?"

"ரெண்டு இருக்கு. கொஞ்சம் கருகினது."

"கொண்டா. காபி இருக்கு."

கிட்டப் போனேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். வாத்தம்மாவின் கழுத்து பெயிண்டில் கீழே உடம்புக்குள் இறங்கி நீண்டிருந்தது. கெர்டின் கைவேலை இல்லை அது. ஒரே இழுப்பில், நடுக்கமில்லாமல், உயிரோடு இருக்கிற கழுத்து. தலைத்துணியின் முடிச்சுக்கும் புதிதாக இரண்டு கோடு. யாரும் பார்க்காத நேரம் பார்த்து வந்து வில்லாட்ஸ் அதைத்தான் திருத்தியிருக்கிறார். கீழே அந்த எண் அப்படியே இருந்தது. ஒரு விரிசல்கூடப் போடவில்லை. எதுவும் வெளியே வந்திருக்கவில்லை.

நான் பார்ப்பதை டாக்னி பார்த்தாள். ரொட்டியைப் பிய்த்துக் கருகின பக்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுபாதியை நீட்டினாள்.

"எவ்வளவு நேரம் நிப்ப? உக்காரு."

"பரவாயில்லைங்க. நின்னே சாப்பிடறேன்."

"உக்காருடா."

உட்கார்ந்தேன். பலகை பனியில் நனைந்திருந்தது. ஈரம் காற்சட்டையைத் தாண்டி ஏறிற்று. எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை.